2002 சில்வராடோ 5.3: ஆக்ஸிஜன் சென்சார்களைக் கண்டறிந்து மாற்றிய பதிவு

வண்டி: 2002 செவ்ரோலே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வோர்டெக் வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்கம். ஓடியது 1,68,000 மைல். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து வண்டி. குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு தூவும் பகுதி என்பதால் அடிப்பாகத்தில் துரு பிடிக்காத போல்ட்டே இல்லை. செக் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேனரில் பி0155, பி0133 என்று இரண்டு கோட் (வண்டிக் கம்ப்யூட்டர் பதியும் கோளாறு எண்), பெண்டிங்கில், அதாவது இன்னும் உறுதியாகாத நிலையில், பி0171.

இங்கே சென்சார் என்றால் புகைக்குழாயில் மாட்டி, புகையிலுள்ள ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார்; பேங்க் என்றால் வி8-இன் இரு சிலிண்டர் வரிசைகளில் ஒன்று. பி0155 என்பது பேங்க் 2 சென்சார் 1-ஐச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. பி0133 என்பது பேங்க் 1 சென்சார் 1 மெதுவாக வேலை செய்கிறது என்ற புகார். பி0171, பேங்க் 1-இல் கலவை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆகிவிட்டது என்கிறது. இப்படி மூன்று வந்தால் நான்கு சென்சாரையும் வாங்கி மாட்டிவிடு என்றுதான் பலரும் சொல்வார்கள். இந்த வண்டியில் அப்படிச் செய்திருந்தால் நான்கு சென்சார் காசும் போய், பி0171 ஒரு வாரத்தில் திரும்ப வந்திருக்கும். எந்த ஒயரில் கம்ப்யூட்டர் என்ன பார்த்தது என்பதை மட்டும்தான் கோட் சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்தப் பக்கம், எந்த எண்

தப்பான சென்சாரைக் கழற்றி மாட்டிவிட்டு, கோட் போகவில்லையே என்று தலையைச் சொறிவதற்குப் பெரும்பாலும் காரணம் பேங்க் குழப்பம்தான். பேங்க் 1 என்பது முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம். இடம் வலம் எல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்க்கும் நிலையில் கணக்கு. பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கு எதிரே நின்று பார்த்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இந்த 5.3-இல் 1, 3, 5, 7 சிலிண்டர்கள் ஓட்டுநர் பக்கம். 2, 4, 6, 8 பயணி பக்கம். ஆக, அமெரிக்க இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பேங்க் 1 ஓட்டுநர் பக்கம். இதே காலத்து ஃபோர்டு எஃப்-150-இல் 4.6, 5.4 எஞ்சின்களுக்கு முதல் சிலிண்டர் பயணி பக்கம் முன்னால் இருக்கிறது; அங்கே பேங்க் 1 பயணி பக்கம். ஃபோர்டில் பழகியவர் செவ்ரோலேயில் கை வைக்கும்போதும், செவ்ரோலேயில் பழகியவர் ஃபோர்டில் கை வைக்கும்போதும் இது ஒன்றை மறந்தால் அரை நாள் வீண்.

அடுத்தது எண். சென்சார் 1 மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்த் தொகுதி) கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) நடுவில் இருப்பது. சென்சார் 2 கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பது. சில்வராடோவில் பக்கத்துக்கு ஒரு கன்வர்ட்டர், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சென்சார், மொத்தம் நான்கு. எல்லா டிரக்கும் இப்படி இல்லை. 1990-களின் தொடக்கத்து டிபிஐ (த்ராட்டில் பாடியிலேயே பெட்ரோல் தெளிக்கும் முறை) செவ்ரோலே டிரக்குகளில் ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு சென்சார்தான், அதுவும் ஒற்றை ஒயருடன், ஹீட்டர் இல்லாமல். 1990-களின் பிற்பகுதி 4.3 லிட்டர் வி6 பிளேசர்களில் சிலவற்றில் பேங்க் 1 சென்சார் 3 என்று ஒன்று உண்டு: பேங்குக்கு ஒன்றாக முன்னால் இரண்டு, இரண்டு குழாயும் சேர்ந்தபின் வரும் ஒற்றைக் கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. ஆகவே வண்டிக்கு அடியில் நுழைவதற்கு முன் பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் புகைக்கட்டுப்பாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். எத்தனை ஹீட்டட் சென்சார் என்பது அதில் சுருக்கெழுத்தில் இருக்கும். பிறகு டார்ச் லைட்டோடு அடியில் போய், மேனிஃபோல்டிலிருந்து குழாயைக் கையால் தொடர்ந்து பின்னால் போனால் ஒவ்வொன்றும் தட்டுப்படும். பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரி, பின்னால் ஒயர் வால். கண்டதும் சாக்பீஸால் குழாயிலேயே '1-1', '1-2' என்று எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

கடைக்காரர் 'லெஃப்ட் ஃப்ரண்ட்', 'அப்ஸ்ட்ரீம்', 'பேங்க் 1' என்று மூன்று பெயரில் கேட்பார். மூன்றும் ஒரே சென்சாரைக் குறிக்கலாம். பேங்க் எண்ணையும் சென்சார் எண்ணையும் சொல்லி வாங்குவதுதான் பாதுகாப்பு. பழைய ஒயரின் நீளத்தையும் கனெக்டரையும் புதியதோடு கடையிலேயே ஒப்பிட வேண்டும். மரை எல்லாவற்றிலும் எம்18×1.5 என்பதால் தவறான சென்சாரும் குழாயில் ஒழுங்காக ஏறிவிடும்.

கழற்றுவதற்கு முன் அளந்தது

சென்சாரின் உள்ளே ஸிர்கோனியா பீங்கான். ஒரு பக்கம் புகை படும், மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கத்து ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) என்றால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், லீன் என்றால் 0.1 பக்கம் இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற இடத்தைச் சுற்றி கம்ப்யூட்டர் ஆட்டிக்கொண்டே இருப்பதால், நல்ல முன் சென்சாரின் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும். பீங்கான் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் இதெல்லாம் நடக்கும், அதற்குத்தான் ஹீட்டர். குளிர்ந்த சென்சாருக்கு கம்ப்யூட்டர் தன் பங்காக சுமார் 450 மில்லிவோல்ட் கொடுத்து வைத்திருக்கும். ஸ்கேனரில் ஒரு சென்சார் 450-இலேயே அசையாமல் நின்றால் அது சூடாகவில்லை, அல்லது ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

2002-ஆம் ஆண்டு ஜிஎம் (செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) டிரக்குகள் ஸ்கேனரோடு பேசுவது ஜே1850 விபிடபிள்யூ என்ற மெதுவான முறையில். விலை குறைந்த புளூடூத் ஸ்கேனரில் பத்து அளவுகளை ஒன்றாகப் போட்டால் கோடு வெட்டி வெட்டித் தெரியும், நல்ல சென்சாரும் சோம்பேறி போலத் தோன்றும். ஒரு நேரத்தில் இரண்டு அளவு மட்டும், இரு பக்கத்து முன் சென்சார்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பி0155. ஹீட்டர் கோட் வந்தால் சென்சாருக்கு முன் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். எஞ்சின் அறை ஃப்யூஸ் பெட்டியில் ஓ2ஏ, ஓ2பி என்று இரண்டு உண்டு. ஒரே சமயத்தில் பல ஹீட்டர் கோட்கள் கூட்டமாக வந்தால் முக்கால்வாசி நேரம் ஃப்யூஸ்தான் போயிருக்கும். ஒயர் எங்காவது சூடான குழாயில் பட்டு உருகியதுதான் அதற்கும் காரணமாக இருக்கும். இந்த வண்டியில் இரண்டு ஃப்யூஸும் நன்றாக இருந்தன. பேங்க் 2 முன் சென்சாரின் கனெக்டரைப் பிரித்து, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் ஹீட்டருக்குரிய இரண்டு பின்னுக்கு இடையே டெஸ்ட் லைட் வைத்து எஞ்சினை ஓட விட்டதும் விளக்கு எரிந்தது. மின்சாரமும் எர்த்தும் வருகின்றன என்று அர்த்தம். சென்சார் பக்கத்தில் மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் ஹீட்டர் ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே சில ஓம் காட்ட வேண்டும். பெரும்பாலான நான்கு ஒயர் சென்சார்களில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டர். இங்கே மீட்டர் எதுவுமே காட்டவில்லை. ஹீட்டர் கம்பி உள்ளே அறுந்துவிட்டது. இந்தச் சென்சாரை மாற்றுவதில் மறுபேச்சே இல்லை.

பி0171 அப்படி எளிதாக முடியவில்லை. இதில் கவனிக்க வேண்டியது வராத கோட். பேங்க் 2 லீன் என்ற பி0174 வரவில்லை. ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, பெட்ரோல் பிரஷர் குறைவு போன்றவை இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பாதிக்கும். இந்த எஞ்சினுக்கு சாவி மட்டும் போட்ட நிலையில் 55 முதல் 62 பிஎஸ்ஐ இருக்க வேண்டும், இருந்தது. ஒரு பக்கம் மட்டும் லீன் என்றால் அந்தப் பக்கத்திலேயே தேட வேண்டும். லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் நீண்ட கணக்கில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பேங்க் 1-இல் கூட்டல் 17 சதவீதம், பேங்க் 2-இல் கூட்டல் 3.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் ஓட்டுநர் பக்கத்திலிருந்து டிக் டிக் என்ற சத்தம். சூடேறியதும் அடங்கிவிடும். இந்த எஞ்சின்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் போதும்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட். பக்கத்துக்கு ஆறு போல்ட். கடைசியில் இருப்பவை முறிவது இவற்றின் பழைய வியாதி. மேனிஃபோல்ட் சூட்டில் நீண்டு சுருங்கும்போது முனையிலிருக்கும் போல்ட்டைத்தான் அதிகம் இழுக்கிறது. கண்ணாடியை வைத்துப் பார்த்ததில் ஏழாம் சிலிண்டருக்குப் பின்னால், ஃபயர்வால் (எஞ்சின் அறையின் பின்சுவர்) ஓரத்துப் போல்ட்டின் தலையைக் காணவில்லை. கேஸ்கட் ஓரத்தில் கரிப்படிவு.

புகை வெளியே கசிந்தால் சென்சாருக்கு என்ன வந்தது என்று தோன்றலாம். புகை சீராக ஓடுவதில்லை, துடித்துத் துடித்து ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் குழாய்க்குள் அழுத்தம் குறையும் ஒரு கணத்தில் அந்த இடுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து லீன் என்கிறது, கம்ப்யூட்டர் நம்பி பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் அந்தப் பக்கம் ரிச்சாக ஓடுகிறது. பெட்ரோல் வீணாவதோடு, சென்சார் முனையில் கரியும் ஏறுகிறது. கசிவைச் சரிசெய்யாமல் புதுச் சென்சார் போட்டால் அதுவும் இதே பொய்யை இன்னும் துல்லியமாகச் சொல்லும்.

அதனால் முதலில் மேனிஃபோல்ட். இறக்கியதும் முறிந்த போல்ட்டின் தண்டு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நட்டு வைத்து வெல்டிங் செய்து, சூடு ஆறுவதற்குள் திருகியதும் வந்துவிட்டது. புது கேஸ்கட், புது போல்ட் ஆறு, நடுவிலிருந்து வெளிப்புறமாக இரண்டு சுற்று: முதலில் 15, பிறகு 25 நியூட்டன் மீட்டர். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற மறக்கக் கூடாது. வெல்டிங் வசதி இல்லாதவர்களுக்கு, ஹெட்டின் முனையில் காலியாக இருக்கும் மரைத்துளையில் பொருத்தி மேனிஃபோல்டை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்கள் கடையில் கிடைக்கின்றன.

கசிவு போனபின் பேங்க் 1 டிரிம் இறங்கத் தொடங்கியது. ஆனால் பி0133 மிச்சமிருந்தது. ஸ்கேனரில் இரு பக்கத்து வோல்டேஜ் கோடுகளையும் ஒப்பிட்டால் பேங்க் 1 சென்சார் ஏறுவதும் இறங்குவதும் சோம்பலாக, உச்சியும் 0.7 வோல்ட்டைத் தாண்டாமல் இருந்தது. காற்று வழியில் கொஞ்சம் புரொப்பேன் வாயு விட்டுப் பார்த்தபோது நல்ல சென்சார் உடனே 0.8-க்கு மேல் துள்ள வேண்டும். இது தயங்கித் தயங்கி ஏறியது. இந்த மைலுக்கு அது நியாயமான முடிவுதான். 1990-களின் நடுவிலிருந்து வரும் ஹீட்டட் சென்சார்களுக்கு சுமார் 1,00,000 மைல்தான் ஆயுள் என்று கணக்கு வைக்கிறார்கள்.

முடிவு: முன் சென்சார் இரண்டும் ஜோடியாக. பின் சென்சார்களைத் தொடவில்லை. பெட்ரோல் அளவை ஆள்வது முன்னவை. பின்னவை முக்கியமாகக் கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று காவல் பார்ப்பவை, வழக்கமாக முன்னவற்றைவிட நீண்ட நாள் உழைக்கும். அவற்றில் கோட் இல்லாதபோது, துருப்பிடித்த மரையை வலியப் போய்க் கிளறுவது தேவையில்லாத வேலை.

வாங்கியவை

அந்த வண்டிக்கென்றே கனெக்டரோடு வரும் நான்கு ஒயர் முன் சென்சார் இரண்டு. ஒயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் வகையைத் தவிர்த்தோம். அதில் இரண்டு தொல்லை. நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: போஷ் முறையில் கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த், வெள்ளை இரண்டும் ஹீட்டர், டென்சோவில் நீலம் சிக்னல், வெள்ளை எர்த், கறுப்பு இரண்டும் ஹீட்டர். கறுப்புக்குக் கறுப்பு என்று சேர்த்தால் சிக்னல் ஒயரில் 12 வோல்ட் போகும். இன்னொன்று, இந்தச் சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. சால்டரிங் செய்தால் அந்த வழி அடைபடும். அதே காரணத்தால்தான் கனெக்டருக்குள் கிரீஸ் தடவக் கூடாது என்பதும். வேறு வழியில்லாமல் ஒட்டத்தான் வேண்டும் என்றால் கிரிம்ப் மட்டுமே.

கருவிகள்: ஒயர் நுழைய வெட்டு விட்ட 22 மி.மீ. சென்சார் சாக்கெட், அரை அங்குல நீண்ட கைப்பிடி, 22 மி.மீ. ரிங் ஸ்பேனர், துரு இளக்கும் எண்ணெய் ஒரு கேன், எம்18×1.5 மரை சுத்தப்படுத்தும் டாப், டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், தோல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடி அவசியம்; படுத்துக்கொண்டு மேலே பார்க்கும் வேலையில் துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

கழற்றியது

முந்தின நாள் மாலை மரையைச் சுற்றி எண்ணெய் அடித்து விட்டோம். மறுநாள் காலை இன்னொரு முறை. பிறகு எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம். எஞ்சின் 48 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சென்சாரைக் கழற்றுவது கடினம் என்று ஜிஎம் சர்வீஸ் மேனுவலே சொல்கிறது. குழாய் சற்று விரிந்திருக்கும்போது மரை பிடியை விடுகிறது. நன்றாக ஓட்டி வந்த சூட்டோடு கை வைக்கத் தேவையில்லை, அது தோலைப் பொசுக்கும். கையுறையோடு ஒரு நொடி தொட்டுத் தாங்குகிற சூடு போதும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்ட். இந்த வண்டி உயரமானது, தூக்காமலே அடியில் நுழையலாம்தான். ஆனால் நீண்ட கைப்பிடியை ஆட்ட இடம் வேண்டும்.

பயணி பக்கம் முதலில். கனெக்டரைப் பிரிப்பதே தனி வேலை. கிளிப்பை அழுத்துமுன் அதன்மேல் செருகியிருக்கும் சின்னப் பூட்டை வெளியே இழுக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் அழுத்தி இழுப்பவர்கள்தான் கிளிப்பை உடைப்பவர்கள். இருபது வருடச் சூட்டில் பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி நொறுங்கும். ஒயரைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பையும் உடைக்காமல் எடுத்து வையுங்கள். திரும்பப் போடும்போது அதுதான் ஒயரைக் குழாயிலிருந்து தள்ளி வைக்கும்.

இந்தச் சென்சார் சாக்கெட்டில் ஒரே அழுத்தில் இளகியது. ஓட்டுநர் பக்கத்தது இளகவில்லை. நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் அந்தப் பக்கமாகவே ஓடுவதால் கை நுழைய இடமும் குறைவு. சாக்கெட்டை மாட்டி அழுத்தியதும் அதன் வெட்டு வாய் விரிந்து அறுகோணத்தில் வழுக்கத் தொடங்கியது. வெட்டு விட்ட சாக்கெட்டின் பலவீனம் அதுதான். அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டாம் முறை வழுக்கினால் மூலைகள் உருண்டுவிடும்.

புதுச் சென்சார் கையில் இருந்ததால் பழையதன் ஒயரை உடம்போடு வெட்டிவிட்டு, மூடிய 22 மி.மீ. ரிங் ஸ்பேனரைப் போட்டோம். ஆறு முகமும் முழுதாகப் பிடிக்கும், விரியாது. அப்படியும் அசையவில்லை. அடுத்தது நெருப்பு. இங்கே அவசரப்படக் கூடாது: இந்த டிரக்கில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓட்டுநர் பக்க ஃபிரேமை ஒட்டித்தான் போகின்றன. அவற்றின் முன் தகரத் தகடு நிறுத்தி, அடித்த எண்ணெய் மிச்சத்தைத் துடைத்து, தீயணைப்புச் சிலிண்டரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தபின்தான் நெருப்பு டார்ச். பெட்ரோல் வாடை துளி இருந்தாலும் இந்த வழி வேண்டாம். நெருப்பு படவேண்டியது குழாயில் வெல்டிங் செய்திருக்கும் புஷ்ஷில்; சென்சாரில் பட்டால் அதுவும் விரிந்து இன்னும் இறுகும். புஷ் மங்கிய சிவப்புக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துவிட்டு ஸ்பேனரை அழுத்தினோம். கிரீச்சென்று கால் சுற்று.

அந்தக் கிரீச் சத்தம்தான் எச்சரிக்கை. உலோகம் உலோகத்தைக் கவ்விக் கிழிக்கத் தொடங்குகிறது. அப்படியே இழுத்தால் சென்சார் வரும், புஷ்ஷின் மரையும் கூடவே வரும். ஆறவிட்டு எண்ணெய் அடித்து, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி இளக்கி, மறுபடி இறுக்கி, ஒவ்வொரு முறையும் சற்று அதிகமாகத் திருப்பினால் துருத்தூள் மரையிலிருந்து வெளியேறும். முழுதாக வெளியே வர இருபது நிமிடம் ஆனது. இம்பாக்ட் ரெஞ்ச் வைத்திருந்தால் இருபது நொடியில் வந்திருக்கும். மரை மிஞ்சியிருக்குமா என்பதுதான் கேள்வி.

டாப்பில் கிரீஸ் பூசிக் கையாலேயே திருப்பி மரையைச் சுத்தம் செய்தோம். கிரீஸில் துரு ஒட்டிக்கொள்ளும், குழாய்க்குள் விழாது. முதல் இரண்டு சுற்று விரலால் போகாவிட்டால் டாப் கோணலாக இருக்கிறது. மரை முழுக்கப் போய்விட்டால் எம்18×1.5 இன்சர்ட் போடலாம், அல்லது புஷ்ஷை வெட்டிப் புதியதை வெல்டிங் செய்யலாம். புதிய புஷ் வைக்கும்போது சென்சார் கிடைமட்டத்துக்கு குறைந்தது 10 டிகிரி மேலே சாய்ந்திருக்க வேண்டும். அடியில் தொங்கினால் குளிர்ந்த குழாயில் தேங்கும் தண்ணீர் சூடான பீங்கானில் பட்டு அதை வெடிக்க வைக்கும்.

வெளியே வந்த முனையைத் தூக்கிப் போடாமல் பாருங்கள். பேங்க் 1 முனையில் உலர்ந்த கரி. ரிச்சாக ஓடியதற்குச் சாட்சி, மேனிஃபோல்ட் கசிவோடு பொருந்தியது. பேங்க் 2 முனை வெளிர்ச் சாம்பல், ஆரோக்கியமான நிறம். அங்கே ஹீட்டர் மட்டும்தான் போயிருந்தது. பழுப்பாகப் பிசுபிசுத்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் பொடிப் பூச்சு என்றால் சிலிக்கான், யாரோ தவறான கேஸ்கட் பசையைப் பூசியிருக்கிறார்கள். கூலன்ட் எரிந்தாலும் வெளிறிய படிவுதான் விடும். இவற்றில் எது இருந்தாலும் மூலத்தைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் சாகும். எண்ணெய், பெட்ரோல் என்று ஊறவைத்துப் பழையதைச் சுத்தம் செய்து திரும்பப் போடும் முயற்சி நேர விரயம்.

பொருத்தியது

புதுச் சென்சாரின் மரையில் கம்பெனியே, மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை தடவி அனுப்பியிருந்தது. ஜிஎம்மின் பசையில் கிராஃபைட்டும் கண்ணாடி மணிகளும் உண்டு. கிராஃபைட் எரிந்துபோனாலும் மணிகள் மரையில் தங்கி, அடுத்த முறை கழற்ற உதவும். மேலும் தடவத் தேவையில்லை. பசை இல்லாமல் வந்தால் சென்சாருக்கென்ற ஆன்டி-சீஸ் பசையை மரையில் மட்டும் மெல்லப் பூசலாம்; முனையில் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. கீழே விழுந்த சென்சாரை வெளியே கீறல் இல்லை என்று மாட்ட வேண்டாம், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம்.

விரலால் கடைசிவரை ஏற்றி, பிறகு 41 நியூட்டன் மீட்டர், அதாவது 30 அடி-பவுண்டு. விரலால் ஏறும்போது ஒயரும் சேர்ந்து சுற்றும். முறுக்கு விழாதபடி ஒயரை எதிர்ப்பக்கம் முன்கூட்டியே சில சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டால் கடைசியில் நேராக நிற்கும்.

ஓட்டுநர் பக்க ஒயரைக் கட்டும்போது முன் ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்தோம். குழாயிலிருந்தும் விரல் இடைவெளி. பழைய கிளிப் இல்லாத இடத்தில் சூடு தாங்கும் ஸ்டீல் கிளிப். சாதாரண பிளாஸ்டிக் டை அங்கே ஒரு மாதம்கூடத் தாங்காது. டை உருகி, ஒயர் குழாயில் விழுந்து, ஓ2 ஃப்யூஸ் போய், கூட்டமாக ஹீட்டர் கோட்கள் வருவது இந்த டிரக்குகளில் அடிக்கடி பார்க்கும் தொடர்கதை.

பிறகு

கோட்களை அழித்து ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நிமிடம் புதுச் சென்சாரிலிருந்து லேசான புகை வரலாம். மரையில் மிஞ்சிய எண்ணெய் எரிவதுதான். எஞ்சின் முழுதாகச் சூடானபின் இரண்டு முன் சென்சார்களும் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஒரே வேகத்தில் ஆடின. பின் சென்சார்கள் நெடுஞ்சாலை வேகத்தில் 0.65 வோல்ட் பக்கம் பெரிதாக அசையாமல் நின்றன. முன்னதைப் போலவே பின்னதும் வேகமாக ஆடினால் கன்வர்ட்டர் தீர்ந்துவிட்டது என்று பொருள். பி0420 என்ற கன்வர்ட்டர் கோட் வரும் வழி அது. அப்போது பின் சென்சாரைக் குழாயிலிருந்து வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசரைப் போட்டு விளக்கை அணைக்கச் சிலர் சொல்வார்கள். அது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம், புகையும் அப்படியே ஊருக்குள் போய்க்கொண்டிருக்கும். செய்யாதீர்கள்.

கோட்களை அழித்ததும் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைப் பதிவுகளும் அழிந்துவிடும். அன்றே புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் 'தயாராகவில்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல்படி 1996 முதல் 2000 வரையிலான வண்டிகளில் இரண்டு பரிசோதனைகள் முடியாமல் இருக்கலாம், 2001-க்குப் பிந்தியவற்றில் ஒன்றுதான். இந்த வண்டி 2002. எனவே இரவெல்லாம் குளிரவிட்டு ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு, பிறகு மணிக்கு 55 மைலில் சீராக, இடையில் ஆக்ஸிலரேட்டரை விட்டுத் தானாக வேகம் குறையவிட்டு ஓட்ட வேண்டும். பெட்ரோல் டேங்க் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் நடுவில் இருப்பது நல்லது. மூன்று நாள் இப்படி ஓட்டியதில் சென்சார், ஹீட்டர், கன்வர்ட்டர் மூன்றின் பரிசோதனைகளும் முடிந்தன. பேங்க் 1 லாங் டேர்ம் டிரிம் கூட்டல் 2, பேங்க் 2 கூட்டல் 3. பெண்டிங்கில் எதுவும் இல்லை.